ஆட்டிசம் குழந்தைகளும் பெற்றோர் மீதான பழியும்

(நமது பள்ளிவாசலில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் துவங்குகிறேன்.

 

சில ஆண்டுகளுக்கு முன், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தம்பதியர் தம் மூன்று வயது மகனை ஓதிப் பார்ப்பதற்காக அழைத்து வந்தனர். பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்பவில்லை, முகம் பார்க்கவில்லை, பேச்சும் வரவில்லை. கையிலிருந்த ஒரு மூடியை மட்டும் ஓயாது சுழற்றிக்கொண்டிருந்தான். ஓதி ஊதிய பின் அந்தத் தாயிடம், "கர்ப்பமாக இருந்தபோது தொழுகையில் ஏதும் குறை வைத்தீர்களா அம்மா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து சென்றுவிட்டார். உறவினர் வீடுகளில் எல்லாம் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு நொந்தவர் அவர் என்பதைப் பின்னர் அவருடைய கணவர் சொல்லி அறிந்தேன். பள்ளிவாசலிலாவது அது கேட்கப்படாது என்று நம்பி வந்திருக்கிறார். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எனினும் அந்தக் கேள்வி எவ்வளவு தவறானது என்பதை உங்கள் முன்னும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

அன்பர்களே! இவ்வாறு பெற்றோரைப் பழித்தவர்கள் படிப்பறிவில்லாதவர்கள் மட்டுமல்லர். அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 1943ஆம் ஆண்டு 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்தார். இது பிறவியிலேயே வருவது என்று கருதிய அவரே, அப்பெற்றோர்களிடம் பாசத்தின் கதகதப்புக் குறைவு என்றும் எழுதினார். அது விதையாயிற்று. புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் வெளியிட்ட நூலில் தாயின் வெறுப்பே காரணம் என வாதிட்டார். குளிர்பதனப் பெட்டி போன்ற தாய்மார்கள் என்னும் இழிசொல்லும் அக்காலத்தில் பரவியது. பிள்ளைக்காக உறக்கமின்றி அலைந்த தாய்மார்கள், பிள்ளையைக் கெடுத்தவர்கள் என்று மருத்துவர் வாயாலேயே கேட்க நேர்ந்தது.

அதை மறுத்து எழுந்தவர்களில் ஒருவர் ஒரு தந்தை. பெர்னார்ட் ரிம்லாந்த் என்னும் உளவியல் அறிஞர், ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்றவர். இது உடற்கூறு சார்ந்த நிலை என்று 1964இல் நூல் எழுதினார். கானரும் 1969இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில், பெற்றோர்கள் குற்றமற்றவர்கள் என்று வெளிப்படையாக அறிவித்தார். 1977இல் இங்கிலாந்தில் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில், 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 இணைகளில் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. இது வளர்ப்பால் வருவதன்று, பெரும்பாலும் கருவிலேயே தொடங்கும் மூளை வளர்ச்சியின் வேறுபாடு என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதி செய்தன. தடுப்பூசியால் வருகிறது என்ற ஐயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அங்கே மருத்துவர்கள் கைவிட்ட பழி, இங்கே நம் வீடுகளில் வேறு உருவத்தில் வாழ்கிறது. "தாய் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள், அதனால்தான்" என்கிறோம். "செல்போனைக் கொடுத்துக் கெடுத்தாள்" என்கிறோம். செல்போனைக் குறைப்பது எல்லாக் குழந்தைக்கும் நல்லதே. ஆயினும் ஆட்டிசத்திற்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. இன்னும் சிலர் கண்ணேறு, செய்வினை, ஜின் என்கின்றனர். பழிக்கு அஞ்சும் குடும்பம் பிள்ளையை மறைக்கிறது. சிகிச்சைக்குரிய பொன்னான ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

ஆட்டிசம் மனநோயன்று. எனினும் மருத்துவத்தை ஒதுக்கினால் நேரும் கதியை நம் மாநிலமே கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். துஆ செய்வது நம் கடமை. மருந்தும் சிகிச்சையும் தேடுவது நபிவழி. ஒன்றைச் சொல்லி மற்றொன்றைத் தடுப்பது மார்க்கமன்று.

ஒருவர் சுமையை மற்றவர் மேல் ஏற்றுவதில்லை என்பது திருக்குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் நீதி. தாயின் குறைக்காகப் பிள்ளை தண்டிக்கப்பட்டது என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? ஐயூப் நபி (அலை) அவர்கள் நெடுங்காலம் நோயுற்றது பாவத்தினாலா? பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு 'அபஸ' அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கின. அவர் மதீனாவில் பாங்கு சொன்னார். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது அவர்களின் பிரதிநிதியாகவும் இருந்தார். குறையைப் பார்க்காமல் மனிதரைப் பார்த்த பள்ளிவாசல் அது.

ஆகவே ஜமாஅத்தார்களிடம் சில வேண்டுகோள்கள். இரண்டு வயதாகியும் பேச்சு வராத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையை, "போகப் போகச் சரியாகிவிடும்" என்று வைத்திருக்காதீர்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தை நல மருத்துவரிடமோ உடனே காட்டுங்கள். முழுவதும் நீக்கும் மருந்து ஏதுமில்லை. ஆனால் பேச்சுப் பயிற்சியும் செயல்வழிப் பயிற்சியும் எவ்வளவு சீக்கிரம் துவங்குகின்றனவோ அவ்வளவு பயன் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் வழியே 'நிராமயா' மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. விண்ணப்பங்களை எழுதித் தர நம் ஜமாஅத் அலுவலகத்தில் ஓர் இளைஞரை நியமிக்குமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இக்குழந்தைகள் தொழுகையின்போது சத்தமிடலாம். வரிசையின் குறுக்கே ஓடலாம். குழந்தையின் அழுகுரல் கேட்டால் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கிய நபியின் உம்மத் நாம். முகம் சுளித்துத் திரும்பிப் பார்க்காதீர்கள். அந்தத் தந்தை அடுத்த ஜும்ஆவுக்கும் மகனின் கைபிடித்து வரவேண்டும்.

என் பங்கிற்கு ஒன்று சொல்கிறேன். ஓதிப் பார்க்க வருவோருக்கு இன்ஷா அல்லாஹ் ஓதுவேன்; உடனே மருத்துவரிடம் செல்லும் வழியையும் சொல்வேன். என்ன பாவம் செய்தீர்கள் என்று இனி எந்தத் தாயிடமும் கேட்க மாட்டேன். நீங்களும் கேட்காதீர்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் அப்பெற்றோர்களுக்குப் பொறுமையையும், நமக்கு நாவடக்கத்தையும், அக்குழந்தைகளுக்கு நல்வாழ்வையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.