ஆயுளை நிர்ணயிப்பது எது?



மனிதனுடைய ஆயுள் தலையில் எழுதியிருக்கின்றது என்று ஒரு கூட்டத்தாரும், அது தின்னும் சோற்றிலும் குடிக்கும் மருந்திலுமே இருக்கின்றது என்று மற்றொரு கூட்டத்தாரும் சொல்லி வருகின்றார்கள். முன்னதற்கு ருஜு கிடையாது. பின்னது மெய்தான், ஆனால் முழு மெய்யல்ல. மனிதன் தன் பொழுதை யாரோடு கழிக்கின்றான், அந்தப் பழக்கத்தைத் தன் மக்களுக்கு விட்டுப் போகின்றானா என்பதிலும் சுகம் அடங்கியிருக்கின்றது என்பதே நாம் சொல்ல வந்தது.

இதற்கு ஓர் ஊரைச் சாட்சியாகக் காட்டுவோம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் ரொசெட்டோ என்று ஒரு சிற்றூர். இத்தாலி தேசத்து ஏழைக் குடியானவர்கள் 1882 முதல் அங்கே குடியேறி, சிலேட்டுக் கல் குவாரிகளில் கல்லுடைத்துப் பிழைத்தார்கள். பெண்கள் சட்டை தைக்கும் ஆலைகளில் உழைத்தார்கள்.

ஸ்டூவர்ட் உல்ஃப் என்னும் வைத்தியரும் அவர் கூட்டாளிகளும் 1960-களில் அவ்வூரை ஆராய்ந்தார்கள். பக்கத்து ஊரான பாங்கரைவிட அங்கே மாரடைப்பால் செத்தவர்கள் வெகு குறைவு. காரணம் ஆகாரமா? அவர்கள் பன்றிக் கொழுப்பில் சமைத்துத் தின்றவர்கள்; சுருட்டும் குடித்தவர்கள். வைத்தியமா? இரண்டு ஊருக்கும் ஒரே தண்ணீர், ஒரே வைத்தியர்கள், ஒரே ஆஸ்பத்திரி. பின்னை என்னதான் வித்தியாசம்? ஒரு வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தது, தெருவில் நின்று பேச ஜனங்களுக்குப் பொழுதிருந்தது, கிழவர்களுக்கு மதிப்பிருந்தது, பணக்காரன் ஆடம்பரம் காட்டவில்லை, நொடித்தவனை அண்டை வீட்டார் தாங்கினார்கள்.

"அவர்களுடைய பக்திதான் காரணம்" என்று சிலர் சொல்லக்கூடும். பாங்கரிலும் சர்ச்சுகள் உண்டே! அன்றியும், பின்னால் நடந்ததைக் கேளுங்கள். 1960-களின் கடைசியில் இளைஞர்கள் தனி வீடு, வேலி, மோட்டார் கார், போட்டி என்று பிரிந்து போனார்கள். 1935 முதல் 1984 வரை 50 வருஷத்து மரணக் கணக்கை ஒப்பிட்டு 1992-ல் வெளியிட்டார்கள். முதல் 30 வருஷம் ரொசெட்டோவில் மாரடைப்புச் சாவு குறைவு. பிறகு அது பாங்கருக்குச் சமமாக ஏறிவிட்டது. சர்ச்சு எங்கும் போய்விடவில்லை. போனது கூடி வாழ்ந்த பொழுதேயாகும்.

ஓர் ஊர்க் கணக்குப் போதுமா என்று கேட்பது நியாயமே. 148 ஆராய்ச்சிகளை, அதாவது 3,08,849 பேரின் கணக்கை ஒன்று சேர்த்து 2010-ல் பார்த்தார்கள். உறவும் நட்பும் பலமாயிருந்தவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவிகிதம் அதிகம் என்று கண்டார்கள்.

இதைக் கேட்டதும், "எங்கள் பழைய கூட்டுக் குடும்பமே மேல்" என்று சிலர் கிளம்பலாம். விடிந்தது முதல் அடுப்பங்கரையிலேயே கிடந்து, வாய் திறந்து பேச ஓர் ஆள் இல்லாத மருமகள், பத்துப் பேர் நடுவிலும் தனியாள்தானே? ஒருவன் திண்ணையில் மற்றவன் உட்காரக்கூடாத தெருவைக் கூடி வாழும் தெரு என்று எப்படிச் சொல்லுவது? சமமாக உட்கார்ந்து பேசுவதையே நாம் கூடி வாழ்தல் என்கின்றோம்.

அதற்குப் பொழுது வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவனுக்குப் பிள்ளையோடு பேசப் பொழுதேது? ஆதலால் ஓய்வு கேட்பதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணாதீர்கள். அது உயிரைக் கேட்பதாகும். பிள்ளைகளுக்கு நகையும் நிலமும் தேடுகின்ற நாம், கிழவரோடும் அயலாரோடும் பழகும் வழக்கத்தையும் தேடி வைக்க வேண்டாமா? நாம் சொல்லுவதற்காக நம்பிவிடாதீர்கள். உங்கள் தெருவையே பார்த்து யோசித்து, சரியென்று பட்டால் செய்யுங்கள்.