கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

(நம் சங்கத்தின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகள் நம் குடியிருப்பில் பலர் உண்டு. அவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? எட்டாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுக்கிறோம். அல்லது ஜேஇஇ ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்க்கிறோம். இரண்டும் வேகத்தைக் கூட்டும். ஆழமாக யோசிக்கப் பழக்குமா?

ஒரு கணக்கு சொல்கிறேன். 1 முதல் 100 வரை எல்லா எண்களையும் பெருக்கினால், விடையின் கடைசியில் எத்தனை பூஜ்ஜியம் வரும்? ஏழாம் வகுப்புப் பாடமே போதும். 2-ம் 5-ம் சேர்ந்தால் ஒரு பூஜ்ஜியம். 2-க்குப் பஞ்சமில்லை, 5-களை எண்ணினால் போதும். 5-இன் மடங்குகள் 20. 25, 50, 75, 100 ஆகியவை ஆளுக்கு இன்னொரு 5 தரும். ஆக 24. ஒலிம்பியாட் கணக்குகள் இந்த ரகம்.

பள்ளிகளில் நடக்கும் எல்லா ‘ஒலிம்பியாட்’டும் இந்திய அணிக்கு இட்டுச் செல்வதில்லை. அதற்கான வழி ஐஓக்யூஎம் தேர்வில் தொடங்குகிறது: 3 மணி நேரம், 30 கேள்விகள், 100 மார்க். அடுத்து ஆர்எம்ஓ, பிறகு ஐஎன்எம்ஓ. இவற்றில் விடை மட்டும் போதாது, நிரூபணம் எழுத வேண்டும். முடிவில் 6 பேர் சர்வதேசப் போட்டிக்குப் போகிறார்கள்.

சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு, 1965-இல் தொடங்கிய ஏஎம்டிஐ என்ற கணித ஆசிரியர் சங்கம் சென்னையிலிருந்து திறன் தேர்வு நடத்துகிறது. பெரியவர்களானால், சிறுசேரி சிஎம்ஐ-யில் கணிதம் படிக்கத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. பக்கத்திலுள்ள ஐஐடி மெட்ராஸும் 2025-26 முதல் ஒலிம்பியாட் திறமைக்கென்று சில இடங்கள் வைத்திருக்கிறது.

இதற்காகப் பள்ளிப் பாடத்தைக் கைவிட வேண்டாம். ராமானுஜனே கணக்கில் மூழ்கி, மற்ற பாடங்களில் தேறாமல், கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர்.

கடைசியாக ஒன்று. நூறே வாங்கிப் பழகிய பிள்ளை ஐஓக்யூஎம்மில் 15 வாங்கி வரலாம். அன்று நாம் முகத்தைத் தூக்கிக்கொண்டால், பிள்ளை அந்தப் பக்கமே மறுபடி போகாது. “எந்தக் கணக்கு பிடிச்சிருந்தது? எனக்கும் சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். புரியாவிட்டாலும் உட்கார்ந்து கேளுங்கள்.