தேடுபொறியும் தமிழர் தெளிவும்

(வடசென்னைத் திருவொற்றியூரில், தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



துறைமுக வேலையை அறிந்த இராயபுரத்து மக்களுக்கு ஓர் உண்மை சொல்லாமலே விளங்கும். கப்பலிலிருந்து சரக்கு இறங்குங்கால் கப்பலின் சார்பில் ஒருவர் எண்ணுவார். கரையின் சார்பில் மற்றொருவர் எண்ணுவார். இரு கணக்கும் ஒத்திருத்தல் வேண்டும். கப்பற்காரர் பொய்யர் என்பதன்று இதன் பொருள். ஒருவர் கணக்கை மட்டுமே நம்பிப் பிறர் உடைமையை ஒப்புவித்தல் ஆகாது என்பதே பொருள்.

இற்றைத் தமிழரோ தம் அறிவுச் சரக்கையெல்லாம் ஒரே கணக்கரிடம் ஒப்படைத்துவிட்டனர். அக் கணக்கரின் பெயர் கூகுள். ஒரு நூலைத் தேடினும், ஒரு மருந்தைத் தேடினும், ஊர் வழியைத் தேடினும் அப் பொறி முன்வைப்பதே முதன்மை. அது பின்தள்ளுவது இல்லாததற்கு ஒப்பு. இந் நிலையில் அப் பொறி நடுவுநிலை பிறழ்கின்றதோ என்னும் ஐயம் எழுவது இயல்பேயன்றோ?

அவ் வையத்தை ஆணையத்தின் முன் கொண்டுசென்றவர்களுள் ஒருவர் இக் கரையைச் சேர்ந்தவரே. இராயபுரத்தில் வளர்ந்த முருகவேல் சானகிராமன் தொடங்கிய திருமண இணைப்பு நிறுவனம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி. அந் நிறுவனம் 2012-ஆம் ஆண்டில் இந்தியப் போட்டி ஆணையத்திடம் கூகுளின்மேல் முறையிட்டது. நுகர்வோர் அமைப்பு ஒன்றும் தனியே முறையிட்டது. ஆறாண்டுகள் கழித்து, 2018 பிப்பிரவரி 8-ஆம் நாள் ஆணையம் தன் முடிவை வெளியிட்டது, கூகுளுக்கு 135.86 கோடி உரூபா தண்டம் விதித்தது.

அம் முடிவு கூறியது யாது? 2010-க்கு முன், கூகுள் தன் சிறப்புத் தேடல் விளைவுகளை, அவற்றின் தகுதி நோக்காது, முதலாம், நான்காம், பத்தாம் இடங்களில் முன்கூட்டியே வரையறுத்து வைத்தது என்பது ஒன்று. வானூர்திப் பயணம் பற்றித் தேடுவார்க்குத் தன் சொந்தப் பக்கத்தையே எடுப்பாகக் காட்டியது என்பது மற்றொன்று. தன் தேடற் பணியைப் பயன்படுத்தும் வலைத்தளத்தார் போட்டித் தேடுபொறிகளை நாடாவண்ணம் ஒப்பந்தத்தாற் கட்டியது என்பது பிறிதொன்று.

ஆயின் அதே ஆணையம், விளம்பர ஏற்பாடு முதலிய வேறு பல குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் உரைத்தது. உறுப்பினருள் இருவர் பெரும்பான்மை முடிவுக்கு உடன்படவுமில்லை. கூகுளும் மேல்முறையீடு செய்தது. இதனைத் தமிழர் மறைத்தல் கூடாது. ஐயம் வேறு, மெய்ப்பு வேறு. ஐயுற்றதெல்லாம் உண்மை என்று ஆர்ப்பரிப்பவன், பொறி காட்டியதெல்லாம் உண்மை என்று நம்புபவனினும் உயர்ந்தவனல்லன்.

இக் குற்றச்சாட்டு இந்நாட்டில் மட்டும் எழுந்ததன்று. தன் பொருள்விலை ஒப்பீட்டுப் பணியைத் தேடலில் முன்னிறுத்தியதற்காக ஐரோப்பிய ஆணையம் 2017-இல் 242 கோடி ஐரோ தண்டம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேன்மன்றம் 2024 செப்டம்பரில் அதனை உறுதிப்படுத்தியது. அமெரிக்க முறைமன்றம் ஒன்று, தேடலில் கூகுள் சட்டத்திற்கு மாறாகத் தனியாட்சி செலுத்துவதாக 2024 ஆகத்துத் திங்களில் தீர்ப்புரைத்தது. கைப்பேசியிலும் உலாவியிலும் தன் பொறியே முதற்கண் அமைந்திருத்தற்பொருட்டு அந் நிறுவனம் 2021-ஆம் ஓராண்டில் மட்டும் 2,630 கோடி அமெரிக்கத் தாலர் பிறர்க்கு ஈந்தது என்பது அவ் வழக்கில் வெளிப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்தது என்று கருதப்பெற்றதன் பின்னே இத்துணைப் பணம் நின்றது!

எனின், மாற்று யாது? இங்கும் விழிப்பு வேண்டும். பெயர் வேறாயின் கணக்கும் வேறு என்பதில்லை. டக்டக்கோ பயனரைப் பின்தொடராமையைத் தன் கொள்கையாகக் கொண்டது. எனினும் அதன் விளைவுகளிற் பெரும்பகுதி மைக்குரோசாப்டின் பிங் பொறியிலிருந்து வருவன. சுட்டார்ட்பேசு கூகுள் முதலிய பிற பொறிகளின் விளைவுகளைப் பெயர் மறைத்துப் பெற்றுத் தருவது. பிங், பிரேவ், மோசீக்கு ஆகியவை தத்தம் சொந்த அடைவை உடையன. இரண்டாம் கணக்கு வேண்டுவார் இவ் வேறுபாட்டை அறிந்தே கொள்ளுதல் வேண்டும்.

மொழி வழியும் எண்ணுக. உருசியர்க்கு யாண்டெக்சு உண்டு. கொரியர்க்கு நேவர் உண்டு. செக்கு மக்களுக்குச் செசுனம் உண்டு. தமிழர்க்கு யாது உண்டு? துறைமுகம் என்னும் சொல் துறைமுகத்தில், துறைமுகத்திற்கு, துறைமுகத்தின் என வடிவு மாறும். அம் மாற்றமெல்லாம் ஒரு சொல்லின் கிளைகளே என உணராத பொறி தமிழ்ப் பக்கத்தைக் கண்டும் காணாது போகும். இது வஞ்சகத்தால் விளைவதன்று. தமிழைக் கற்பியாமையால் விளைவது. இக் குறையை நீக்கும் கடன் தமிழ்க் கணிப்பொறி வல்லுநர்க்கும் தமிழக அரசுக்கும் உண்டு.

எண்ணூரையே சான்றாகக் கொள்க. 2023 திசம்பரில், மிக்சாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர் படகும் வலையும் கறுத்தன. நாளை அச் செய்தியைத் தேடுவான் ஒரு மாணவன். ஆலையின் அறிக்கை முதற்கண் வருமோ? மீனவரின் முறையீடு வருமோ? தமிழில் தேடினால் ஒன்றும், ஆங்கிலத்தில் தேடினால் மற்றொன்றும் வருமோ? எண்ணூர்த் துறைமுகத்திற்குக் காமராசர் துறைமுகம் என 2014-இல் பெயர் சூட்டப்பெற்றமையால், ஒரு பெயரை மட்டும் இட்டவன் மறுபெயரிலுள்ளதை இழப்பானோ? இவற்றை இரண்டு மூன்று பொறிகளில் இட்டு ஒப்பிட்டுப் பார்த்தலே ஆய்வு. ஒரு மக்களின் துன்பம் பத்தாம் பக்கத்திற்குத் தள்ளப்பட்டால், அது நிகழவே இல்லை என்று வருங்காலம் எண்ணிவிடும்.

ஆகலின் தமிழர் செய்யத்தக்கவை மூன்று. ஒன்று, கைப்பேசியில் சொந்த அடைவுடைய பிறிதொரு பொறியையும் வைத்து, இன்றியமையாதவற்றை இரு கணக்காலும் சரிபார்த்தல். இரண்டு, மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழக நூலகம், ஈழத்து நூலகம் ஆகிய தமிழ்க் கருவூலங்களுக்கு இடைத்தரகரின்றி நேரே செல்லுதல். மூன்று, தம் ஊரின் வரலாற்றைத் தூய தமிழில் எழுதி இணையத்தில் ஏற்றுதல். எழுதாததை எப் பொறியும் தேடித் தாராது.

கரையிலும் ஒருவர் நின்று எண்ணுதல் வேண்டும். அவ் வொருவர் தமிழராதல் வேண்டும்.