84 குளிசைகள்



திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவிலும் மூதூரிலும் வளைகுடா நாடுகளில் உழைக்கும் ஆளில்லாத குடும்பம் குறைவு. பயணத்துக்கு முன்னர் 'மெடிக்கல்' எடுக்க வேண்டும். அங்கே எயிட்ஸ் வைரசுக்கும் ஹெபடைட்டிஸ் பிக்கும் இரத்தம் பார்ப்பது போலவே ஹெபடைட்டிஸ் சிக்கும் பார்க்கிறார்கள். உடம்பில் ஒரு நோவும் இல்லாத இளைஞர் கையில் 'அன்ஃபிட்' என்ற தாள் வந்து சேர்வது இப்படியும் நடக்கிறது. முகவருக்குக் கட்டிய காசு, அடகு வைத்த நகை, அயலாரின் பேச்சு என்று வீடே கலங்கிப்போகும். ஹெபடைட்டிஸ் சி இன்று முற்றாகக் குணமாகும் என்ற செய்தி அந்த வீட்டுக்குத்தான் முதலில் போய்ச்சேர வேண்டும்.

ஹெபடைட்டிஸ் சி, பெரும்பாலும் இரத்தத்தின் வழியே தொற்றி ஈரலில் குடியேறும் வைரஸ். ஒரே கோப்பையில் சாப்பிடுவதாலோ கட்டியணைப்பதாலோ தொற்றாது. தொற்றியவர்களில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு ஆறு மாதத்துக்குள் அது தானாகவே நீங்கிவிடும். மற்றவர்களிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. செங்கமாரி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது. பலருக்கு அது வெளிப்படும்போது ஈரல் ஏற்கெனவே சுருங்கி இறுகியிருக்கும், சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறியிருக்கும்.

1989 வரை இந்த வைரசுக்குப் பெயர்கூட இல்லை. அதைக் கண்டறிய உழைத்த ஹார்வி ஆல்ட்டர், மைக்கல் ஹௌட்டன், சார்ள்ஸ் ரைஸ் மூவருக்கும் 2020 இல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய சிகிச்சை கடுமையானது. கிழமைக்கு ஒருமுறை இன்டர்ஃபெரோன் ஊசி, தினமும் ரிபாவிரின் குளிசை என்று 48 கிழமைகள் வரை நீளும். காய்ச்சல், இரத்தச்சோகை, மனச்சோர்வு எல்லாம் கூடவே வரும். அத்தனையும் தாங்கியவர்களில் பாதிப் பேருக்கே குணம் கிடைத்த வைரஸ் வகைகளும் உண்டு.

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் நிலைமை தலைகீழானது. வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும்போது இந்த மருந்து போலி எழுத்தாக நுழைந்து அந்தப் பிரதியைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது. எச்.ஐ.வி.யைப் போல இந்த வைரஸ் மனித மரபணுவுக்குள் ஒளிந்துகொள்வதில்லை. ஆகவே பெருக்கம் நின்றால் வைரஸ் அடியோடு அழிந்துபோகிறது. வேறொரு மருந்தோடு சேர்த்து இதை எடுக்கும் 12 கிழமைச் சிகிச்சையில் 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமடைகிறார்கள்.

ஆனால் விலை? அன்று 12 கிழமைக்கு 84,000 டொலர். ஒரு குளிசை 1,000 டொலர்! உயிர்காக்கும் மருந்துக்கு அப்படி ஒரு விலை வைத்ததை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது. 2014 இல் இந்திய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் கிடைத்த பிறகே விலை சரிந்தது. 2016 இல் பஞ்சாப் மாநில அரசும், 2018 இல் இந்திய மத்திய அரசும் இலவசச் சிகிச்சையைத் தொடங்கின. முன்பு நத்தை வழிப் பரவும் ஒட்டுண்ணி நோய்க்கு ஊசி போடப்போய், சரியாகக் கிருமி நீக்காத கண்ணாடிச் சிரிஞ்சுகளால் இந்த வைரசை நாடெங்கும் பரப்பிவிட்ட எகிப்து, 2018-19 இல் சில மாதங்களுக்குள் சுமார் 5 கோடிப் பேரைப் பரிசோதித்தது.

திருகோணமலை போன்ற ஒரு மாவட்டம் கவனிக்க வேண்டியது வேறொன்று, அது ஓர் ஆய்வு. 'மின்மொன்' என்று பெயர். பிரேசில், தென்னாபிரிக்கா, தாய்லாந்து, உகண்டா, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்தது. நடத்தியவர் சுனில் சாலமன். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986 இல் சென்னையில் கண்டறிந்த வைத்தியர் சுனிதி சாலமனின் மகன். சிகிச்சை தொடங்கும் நாளிலேயே 84 குளிசைகளையும் நோயாளியின் கையில் கொடுத்துவிட்டார்கள். இடையில் இரத்தப் பரிசோதனை இல்லை, கிளினிக் வரிசை இல்லை. 4ஆம் கிழமையில் ஒரு தொடர்பு, 22ஆம் கிழமையில் இன்னொன்று, அவ்வளவே. 95 சதவீதத்தினர் குணமடைந்தார்கள். கடலுக்குப் போகும் மீனவருக்கும், வெருகல் பக்கத்தில் வயல் செய்பவருக்கும் ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அவர்களுக்கு இந்த முறை எவ்வளவு பொருந்தும்!

இலங்கையில் இந்நோய் அரிது. தானமாகக் கிடைக்கும் ஒவ்வொரு பைன்ட் இரத்தமும் இதற்காகப் பரிசோதிக்கப்படுகிறது. ஆனாலும் அரிது என்பதாலேயே தேடாமல் விட்டுவிடும் ஆபத்து உண்டு. தலசீமியாவுக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றுபவர்கள், இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் சிறுநீரக நோயாளர், போதை ஊசியைப் பகிர்ந்தவர்கள், கிருமி நீக்காத ஊசியால் பச்சை குத்தியவர்கள் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

முதல் பரிசோதனை காட்டுவது வைரசை அல்ல, அதற்கு எதிராக உடல் உருவாக்கிய பிறபொருளெதிரியை. தானாகக் குணமானவருக்கும் சிகிச்சையால் குணமானவருக்கும் அது தொடர்ந்து தெரியும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்று சொல்வது ஆர்.என்.ஏ. பரிசோதனை. அதன் முடிவைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள்.

குளிசை தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சி அடங்கும்போது பி சீறி எழக்கூடும். இதயத்துடிப்புக்கு அமியோடரோனோ, காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. ஈரல் ஏற்கெனவே இறுகியவர்கள், வைரஸ் போன பின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துவர வேண்டும்.