கிணற்றடியிலே தொடங்கட்டும் காவல்

(சனசமூக நிலையக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாதது நமது யாழ்ப்பாணக் குடாநாடு. மாரி மழை மண்ணுள் இறங்கிச் சுண்ணக்கற் பாறையிலே தங்குகிறது. அதுவே நம் கிணற்று நீர். அப்பாறையோ வெடிப்புகள் நிறைந்தது. மேலே சேரும் அழுக்கு நன்கு வடிகட்டப்படாமலே கீழிறங்கிவிடும். மலக்குழியும் கிணறும் ஒரே வளவில் இருக்கும் ஊர்களில் இதன் பொருளை நான் விளக்கவும் வேண்டுமோ?

“நீர் தெளிந்திருக்கிறதே! பாட்டன் காலந்தொட்டுக் குடிக்கிறோமே!” என்பார் சிலர். தெளிவு தூய்மைக்குச் சான்றன்று. 1854ஆம் ஆண்டில் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, பிராட் வீதியின் பம்பி நீரே காரணமென ஜோன் சினோ என்னும் மருத்துவர் கண்டார். அந்நீரை விரும்பித் தொலைவிலிருந்து வருவித்துக் குடித்தவரும் மாண்டனர்.

ஆய்வுகூடச் சோதனை வேண்டற்பாலதே. 100 மில்லிலீற்றர் நீரில் ஈ-கோலிக் கிருமி காணப்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆயினும் ஒரு போத்தல் நீர் ஒருநாள் நிலையையே கூறும். அடுத்த மழைக்கு வரவிருக்கும் கேட்டை முன்னறிவிப்பது கண்ணாற் காணும் பரிசோதனையே. கிணற்றுக் கட்டு வெடித்துள்ளதா? சிந்திய நீர் மீண்டும் உள்ளே வடிகிறதா? வாளியும் கயிறும் மண்ணிலே கிடக்கின்றனவா? 10 மீற்றருள் மலக்குழி உண்டா? மாட்டுக்கொட்டில் அருகிலுண்டா? “ஆம்” என்னும் விடை பெருகப் பெருக ஆபத்தும் பெருகும்.

உழவர்களே, உங்களுக்கு ஒரு சொல். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அளவுக்கு மிஞ்சி இடும் யூரியா, நைத்திரேற்றாக மாறிக் கிணற்றைச் சேர்கிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. காய்ச்சினால் கிருமி சாகும்; நைத்திரேற்றோ போகாது, செறிவே கூடும். அந்நீரிற் கரைத்த புட்டிப்பாலை அருந்தும் ஆறு மாதம் நிரம்பாக் குழந்தையின் குருதி, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உடல் நீலம் பாரிக்கும். தோட்டத்துக்கு இட்ட பசளை தொட்டிலைத் தீண்டலாமா?

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கிலே, 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. நீதி கிடைத்தது, மெத்த மகிழ்ச்சி. ஆனால், கேடு நேர்ந்தபின் வந்த பணம் கிணற்றைக் கழுவுமா? கேட்டை முன்கூட்டியே தடுப்பதன்றோ ஆட்சியின் கடன்!

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு பிரதேச சபையும் பொதுக்கிணறுகளுக்குப் பதிவேடு வைக்கவேண்டும். மாரிக்கு முன்னும் பின்னும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊரவருடன் சேர்ந்து அவற்றைப் பார்வையிடவேண்டும். முடிவு கந்தோர்க் கோப்பிலே உறங்காமல், அந்தந்தக் கிணற்றடியிலே தமிழில் எழுதி வைக்கப்படவேண்டும். குடிக்கும் நீரின் நிலையை அறிவது குடிமக்களின் உரிமை; அது எவரும் இடும் பிச்சையன்று.

சபை வரும்வரை காத்திருத்தலும் வேண்டாம். இன்று வீடு திரும்பியதும் உங்கள் கிணற்றைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். காவல் அங்கே தொடங்கட்டும்!