செய்மதியின் பாதையும் நமது கரையும்



நமது தலைக்கு மேலே நாள்தோறும் எத்தனையோ செய்மதிகள் செல்கின்றன. அவை எல்லா இடங்களையும் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அது சரியன்று. செய்மதி தன் பாதைக்குக் கீழே வருவதையே காணும். ஆகவே அதனை எப்பாதையிற் செலுத்துவது என்ற கேள்வி, எந்த மக்களை எப்பொழுது பார்ப்பது என்ற கேள்வியேயாகும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளைக் கல்குடாவில் யார் மறப்பர்? நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தின் பின், அமெரிக்காவும் பிரான்சும் அனுப்பிய ஜேசன்-1 என்னும் செய்மதி இந்து சமுத்திரத்தின் மேலாகச் சென்றது. ஆழ்கடலில் அலை சுமார் 60 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்ததை அது அளந்தது. அந்த அளவு கணக்கிடப்பட்டு வெளிவரப் பல மணி நேரமாயிற்று. அதற்குள் நமது கரையில் எல்லாம் முடிந்துவிட்டது. அது அவ்வேளை அங்கு வந்ததும் தற்செயலே. ஒரே வழியில் அது திரும்பிவர ஏறத்தாழப் 10 நாட்கள் செல்லும்.

சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதி ஒரே பக்கத்தை ஓயாது பார்க்கும். ஆனால் தூரத்தின் காரணமாக நுணுக்கம் குறையும். தாழ்வாக, துருவங்களின் வழியே சுற்றுவது நுணுக்கமாகப் பார்க்கும். ஆனால் அதன் வழித்தடங்கள் துருவங்களருகே நெருங்கி, மத்தியகோட்டருகே அகன்றுவிடும். நாமோ ஏறத்தாழ 8 பாகை வடக்கில் வாழ்கின்றோம். அகன்ற இடைவெளியில் அகப்பட்டவர்கள் நாமே.

இக்குறையை மனத்திற் கொண்டு, இந்தியாவும் பிரான்சும் 2011 அக்டோபர் 12இல் மேகா-டிரோபிக்ஸ் என்ற செய்மதியை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவின. 867 கிலோமீற்றர் உயரம். மத்தியகோட்டுக்கு 20 பாகையே சாய்ந்த பாதை. ஆதலால் அது வெப்ப நாடுகளின் மழைமேகங்களை நாளொன்றுக்குப் பலமுறை பார்த்தது. பணி முடிந்து, 2023 மார்ச் 7இல் அது பசிபிக் சமுத்திரத்தின் மேல் எரிந்து வீழச் செய்யப்பட்டது.

இத்தகைய பாதையைத் தெரிவு செய்ய இன்று பழைய பதிவுகள் உதவுகின்றன. முன்னைய சூறாவளிகள் சென்ற வழி, மேகம் மூடும் நேரம், மழை பெய்த அளவு ஆகியவற்றைக் கணனியிற் கொடுக்கின்றனர். ஆயிரக்கணக்கான பாதைகளைக் கற்பனையில் ஓடவிட்டு, ஒவ்வொன்றும் அப்புயல்களை எத்தனை முறை கண்டிருக்கும், எவ்வளவு நேரம் காணாது விட்டிருக்கும் என்று எண்ணுகின்றனர். பின்னர் செலவையும் எரிபொருளையும் சீர்தூக்குகின்றனர். எல்லாவற்றிலும் சிறந்த பாதை என்று ஒன்றில்லை. ஒன்றைப் பெற மற்றொன்றை விடவேண்டும்.

இங்கேதான் நமது கடமை பிறக்கின்றது. கணனி, கொடுத்ததை மட்டுமே எண்ணும். பதிவில்லாத ஊரின் துன்பம் கணக்கில் ஏறாது. 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட பெரியோர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். நீர் எதுவரை வந்தது, காற்று எத்திசையில் திரும்பியது என்று அவர்களிடம் கேட்டு எழுதுவோம். நாள்தோறும் மழையை அளந்து ஒரு கொப்பியிற் குறிப்போம். நம் பிள்ளைகள் கணிதத்தை ஊன்றிக் கற்கட்டும். பாதையைத் தெரிவு செய்யும் மேசையில் நாளை அவர்களும் அமரவேண்டும்.