சார்பின் மதிப்பு காணக் கற்பித்தல்



 கணித ஆசிரியர்கள் மீஞ்சூரில் கூடியிருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமை வகிக்கும் நான், நாம் கூடியதற்குக் காரணமான விஷயத்திற்கே நேராக வந்துவிட விரும்புகிறேன்.

நமது பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூல் 'உறவுகளும் சார்புகளும்' என்னும் அத்தியாயத்தோடு தொடங்குகிறது. பள்ளி திறந்து, புதுப் புத்தகத்தின் வாசனை மாறுவதற்கு முன்பே, மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம், முன் உரு, நிழல் உரு என்னும் சொற்களை மாணாக்கர் அடுத்தடுத்துச் சந்திக்கின்றனர். சந்தித்த வேகத்திலேயே, 'எஃப் ஆஃப் 3 காண்க', 'எஃப் ஆஃப் கழித்தல் 2 காண்க' என்னும் கணக்குகளுக்குள் இறக்கிவிடப்படுகின்றனர். இக்கணக்குகள் எளியவை என்றும், எக்ஸ் இருக்கும் இடத்தில் எண்ணைப் போட்டால் விடை வந்துவிடும் என்றும் நாம் சொல்லிக் கடந்துவிடுகிறோம். மேல்நிலை வகுப்புகளில் எல்லை, வகையீடு, தொகையீடு என்று எழும்பும் மாளிகை முழுவதும் இந்த ஒரு கல்லின்மேல் நிற்கிறது என்பதையும், கல் ஆடினால் மேலே கட்டியதெல்லாம் ஆடும் என்பதையும் எண்ணிப் பார்க்கும்போது, அந்த அவசரம் எனக்குக் கவலையே தருகிறது.

ஒரு சார்பின் மதிப்பைக் காண்பதென்றால், முதலில் விதியைப் படித்துப் பொருள் கொள்ள வேண்டும். பிறகு, கொடுத்த எண் அவ்விதிக்கு உட்பட்டதுதானா என்று விசாரிக்க வேண்டும். அதற்கப்பால் விதிப்படி கணித்து, கிடைத்த விடை எதைச் சொல்கிறதென்று உணர வேண்டும். இவற்றுள் கணிக்கும் வேலையை மட்டும் நாம் கற்பிக்கிறோம். மற்றவை துணையில்லாதபோது கணிப்பும் நிலைப்பதில்லை என்பதே நான் இன்று உங்கள்முன் வைக்க வந்த அபிப்பிராயம்.

கரும்பலகைக்கு அருகே சென்று பார்ப்போம். எக்ஸ் வர்க்கம், அதிலிருந்து மூன்று எக்ஸைக் கழித்து, ஐந்தைக் கூட்டுவது என்பது சார்பின் விதி. எக்ஸுக்குக் கழித்தல் 2 கொடுக்கப்படுகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே பலர் எப்படி எழுதுகிறார்கள்? வர்க்கத்திற்கு அடைப்புக்குறி போடாமல் கழித்தல் 4 என்று எழுதுகிறார்கள். மூன்றையும் கழித்தல் 2-ஐயும் பெருக்க வேண்டிய இடத்தில் இரண்டையும் அருகருகே எழுதிவிட்டு, கழித்தல் 5 என்று கொள்கிறார்கள். கடைசியில் 5-ஐக் கூட்டிக் கழித்தல் 4 என்று முடிக்கிறார்கள். சரியான விடையோ 4, 6, 5 மூன்றும் சேர்ந்த 15. இதைக் கவனக்குறைவென்று கடிந்து, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போவது நம் வழக்கம். எனக்கோ இது கவனத்தைப் பற்றிய விஷயமாகத் தோன்றவில்லை. எக்ஸ் என்பது எதையும் ஏற்கக் காத்திருக்கும் ஓர் இடம் என்னும் எண்ணம் பிள்ளையின் மனத்தில் உருவாகவில்லை. எக்ஸ் என்னும் எழுத்தை அழித்துவிட்டு அந்தச் சந்தில் ஓர் எண்ணைத் திணிப்பதே வேலையென்று அது நினைக்கிறது.

எண்ணுக்குப் பதிலாக 'ஏ கூட்டல் 1' என்று கொடுத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாக வெளிப்படும். பல பிள்ளைகள் ஏ-யை மட்டும் விதிக்குள் அனுப்பிவிட்டு, அந்த 1-ஐ வெளியே நிறுத்தி, இறுதியில் கூட்டிக்கொள்கின்றனர். முறைப்படி செய்தால் ஏ வர்க்கம் கழித்தல் ஏ கூட்டல் 3 என்று சுருங்கி வர வேண்டும். ஏ-க்கு 1 கொடுத்துச் சரிபார்க்கும் பழக்கம் இருக்குமானால், முறைப்படி வந்த கோவை 3 தருவதையும், எக்ஸுக்கு 2 கொடுத்தபோது மூல விதியும் அதே 3-ஐத் தருவதையும், தம்முடைய கோவையோ 4 தருவதையும் கண்டு, ஆசிரியர் சொல்லாமலே பிள்ளைகள் தம் பிழையைத் தாமே பிடித்துவிடுவர்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் யுக்தி மிகப் பழையது; செலவில்லாதது. விதியைக் குறிகளால் எழுதுவதற்கு முன், வாயால் தமிழில் சொல்லச் செய்யுங்கள்: எது வந்தாலும் அதை அதனாலேயே பெருக்கு, அதன் மும்மடங்கைக் கழி, ஐந்தைக் கூட்டு. பிறகு எக்ஸ் இருக்கும் இடமெல்லாம் வெற்று அடைப்புக்குறிகளை எழுதச் சொல்லி, அந்த அடைப்புக்குள் எண்ணையோ கோவையோ முழுமையாக நிரப்பச் சொல்லுங்கள். இதற்காகச் செலவிடும் இரண்டு வகுப்புகள் ஆண்டு முழுவதும் திருத்தும் பிரயாசையை மிச்சப்படுத்தும். இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியிலே, வீட்டில் தெலுங்கோ, இந்தியோ, ஒடியாவோ பேசிவிட்டு நம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு, குறிகளின் பொருளை வாக்கியமாகச் சொல்லிப் பழகுவது கணிதத்தோடு மொழியையும் சேர்த்துக் கொடுக்கும்.

கணிக்கும் திறமையை நான் தாழ்த்திப் பேசுவதாக யாரும் கருத வேண்டாம். நம் நாட்டில் அத்திறமைக்கு நெடிய பாரம்பரியம் உண்டு. சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காணப் புறப்பட்டுப் புதுச்சேரிக்கு வந்து தங்கிய பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், தமிழ்க் கணிதர்களின் முறையைக் கற்றுச் சோதித்தார். 1765 ஆகஸ்டு 30-இல் நேர்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவு அவர்களுடைய கணிப்பில் 41 விநாடிகளே குறைந்திருந்தது. ஐரோப்பாவில் அன்று மேலாகப் போற்றப்பட்ட மேயர் என்பாரின் சந்திர அட்டவணைகளோ 68 விநாடிகள் கூடுதலாகக் காட்டின. பிற்காலத்தில், சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று நடத்தியவரும் 'கால சங்கலிதம்' என்னும் நூலை 1825-இல் வெளியிட்டவருமான ஜான் வாரன், மற்றொரு புதுச்சேரிக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். அக்கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடம் செய்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, ஒரு வரியும் எழுதிக்கொள்ளாமல், அவ்வாண்டு மே 31-இல் தொடங்கிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. அவருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாதென்றும், நினைவாற்றலே அவருடைய துணையென்றும் வாரன் குறிப்பிடுகிறார்.

இந்தச் செய்தியைப் படிக்குந்தோறும் எனக்கு முதலில் உண்டாவது பெருமிதமே. நாளை உள்ளே கொடுத்தால் சந்திரனின் நிலையை வெளியே தரும் மிகக் கடினமான ஒரு சார்பின் மதிப்பை, சோழிகளைக் கொண்டு காண்பது சாமானியக் காரியமன்று. ஆயினும், நான்கு நிமிடமாக இருந்த பிழை ஐம்பத்திரண்டு நிமிடமாக வளர்ந்தபோது, அது எந்தப் படியில் புகுந்ததென்று கேட்கவும், கேட்டுத் திருத்தவும், வாய்பாட்டின் காரணத்தை அறியாத ஒருவருக்கு வழியில்லை. அந்தக் கணிதருடைய நினைவாற்றலில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத நம் பிள்ளைகளுக்கு, காரணத்தையும் கொடுக்காமல் வாய்பாட்டை மட்டும் கொடுத்தனுப்புவது நியாயமாகுமா?

காரணத்தைக் கற்பிக்க வெளியூர் உதாரணங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. அத்திப்பட்டில் அனல்மின் நிலையம் இருக்கிறது. மாணாக்கர் வீட்டுச் சுவரில் மீட்டர் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஈ.பி. அட்டையும் செருகியிருக்கிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டணத்தைப் பாருங்கள். இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால், அடுத்த 100 யூனிட்டுக்கு ஒன்றுக்கு 2 ரூபாய் 25 காசும், அதற்கடுத்த 200-க்கு 4 ரூபாய் 50 காசும், கடைசி 100-க்கு 6 ரூபாயும் கணக்கிடப்பட்டன. 500-ஐத் தாண்டிவிட்டாலோ, அந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகை போய், 101 முதல் 400 வரை முழுவதும் 4 ரூபாய் 50 காசாகிவிட்டது. 500-க்கு மேற்பட்ட யூனிட் ஒன்றுக்கு 8 ரூபாயிலிருந்து தொடங்கியது. விகிதங்கள் பின்னர் உயர்ந்தன.

மாணாக்கரை 500-க்கும் 501-க்கும் மதிப்புக் காணச் சொல்லுங்கள். 500 யூனிட்டுக்கு 225, 900, 600 சேர்ந்து 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,350, 600, 8 சேர்ந்து 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம்! எந்தப் பகுதியின் விதியை எடுப்பது என்று முடிவு செய்த பிறகே எண்ணைப் பிரதியிட வேண்டும் என்பதை, இதைவிட அழுத்தமாக எந்தப் பாடநூல் கணக்கு சொல்லிவிட முடியும்? அதே அட்டையை வைத்துக்கொண்டு மேலும் கேட்கலாம். இந்த விகிதப்படி, பழைய பாக்கி ஏதுமின்றி, 1,800 ரூபாய்க்குக் கரண்ட் பில் வர முடியுமா? வர முடியாது, 1,725-க்கும் 1,958-க்கும் இடைப்பட்ட எந்தத் தொகையும் இச்சார்பின் வீச்சகத்தில் இல்லை. பில் தொகை பூஜ்யமென்றால் எத்தனை யூனிட் செலவாயிற்று? சொல்ல இயலாது, பூஜ்யம் முதல் 100 வரை எல்லாவற்றுக்கும் நிழல் உரு அதுவே. பலவற்றிலிருந்து ஒன்றுக்குச் செல்லும் சார்பென்று நாம் இலக்கணமாகச் சொல்லி மனப்பாடம் செய்விப்பதை, பிள்ளைகள் தம் தாயாரோடு உட்கார்ந்து கண்டறிந்துவிடுவார்கள். கழித்தல் 40 யூனிட்டுக்கு மதிப்பென்ன என்று ஒருவன் கேட்டால் வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பின் காரணத்தை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால், மதிப்பகம் என்னும் கருத்து அன்றோடு அவர்களுக்குச் சொந்தமாகிவிடும்.

விதியே எழுதப்படாத சார்புகளும் உண்டு. அவற்றையும் நாம் காட்ட வேண்டும். மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்த துயரம் இங்கிருப்பவர் எல்லாரும் அறிந்ததே. கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரைத் தரும் திறனுடைய நிலையம் 2010-இல் காட்டுப்பள்ளியில் தொடங்கப்பட்டதும் அறிந்ததே. கடற்கரையிலிருந்து கிணற்றின் தூரத்தைக் கிடை அச்சிலும், நீரின் உப்பளவைச் செங்குத்து அச்சிலும் குறித்து வரைபடம் போட்டால், அங்கே பிரதியிட விதி இராது. வரைபடத்தைப் படித்துத்தான் மதிப்பைச் சொல்ல வேண்டும். அளக்காத இடத்து மதிப்பை ஊகிக்கும்போது எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் விவேகமும் அங்கேதான் பிறக்கும்.

வடசென்னையில் முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றி, 1993-இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகத்தை அமைத்த பி. கே. சீனிவாசன் அவர்களை, பிள்ளைகளே கண்டறியும்படி கற்பிப்பதைப் பேசும் இச்சந்தர்ப்பத்தில் நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. எண்களின் கோலங்களைப் பிள்ளைகளே கண்டு, கண்டதை இயற்கணிதமாக எழுதும்படி செய்த அப்பெருமகனின் வழி, பாடநூலை விட்டு விலகிய வழியன்று. அதன் உள்ளே நுழையும் வழி.

தேர்வைப் பற்றிச் சொல்லாமல் இவ்வுரையை முடித்தால் அது முழுமையாகாது. விடைத்தாளில் இறுதி எண்ணை மட்டும் பார்த்து மதிப்பெண் இடும் வரையில், ஆசிரியர் எவ்வளவு நயமாகக் கற்பித்தாலும் மாணாக்கர் குறுக்கு வழியையே நாடுவர். ஆகவே பிற்பகல் அமர்வில் வினாத்தாள் பற்றிப் பேசவிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'இந்த மதிப்பைக் காண இயலுமா? இயலாதெனில் ஏன்?' என்று கேட்கும் வினாக்களையும், பிழையான ஒரு விடையைக் கொடுத்துப் பிழை எங்கேயென்று சுட்டச் சொல்லும் வினாக்களையும் இங்கேயே எழுதிப் பார்த்து, பள்ளிகளின் பருவத் தேர்வுகளில் சோதிக்கத் தக்க தொகுப்பொன்றைத் தயாரித்துத் தாருங்கள். மின்கட்டணக் கணக்கைத் தற்போதைய விகிதங்களில் திருத்தி எழுதும் பணியை இவ்வட்டாரத்து ஆசிரியர்கள் ஏற்பார்களானால் மிக்க மகிழ்ச்சியடைவேன்.

முதற் கட்டுரையாளர் ஆயத்தமாக இருக்கிறார். கருத்தரங்கைத் தொடங்கி வைத்து, அவரை மேடைக்கு அழைக்கிறேன்.